கடலைத் தாண்டி வரும் அலையை அளப்பது

(மன்னாரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற கருவியைப் பற்றிய பேச்சைக் கொழும்பிலோ மொறட்டுவையிலோ வைக்காமல் மன்னாரில் ஏன் வைக்கிறீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கென்றால் இலங்கையில் இந்தப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தெரியவில்லை. தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். இடையில் தீடைகளும் ஆழமில்லாத கடலும். மலை இல்லை, மாடிக் கட்டடம் இல்லை, மறிக்க ஒன்றுமில்லை.

இராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கோபுரத்தின் உயரம் 323 மீற்றர். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வானொலிக்குரிய தொடுவானம் கிலோமீற்றரில் வரும். கோபுரத்துக்கு 74 கிலோமீற்றர். உங்கள் வீட்டு அன்ரனாக் கம்பம் 10 மீற்றர் என்றால் இன்னும் 13. மொத்தம் 87. இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் சுமார் 50 கிலோமீற்றர், மன்னார் நகரம் 70 சொச்சம். தரைவழித் தொலைக்காட்சி இருந்த காலத்தில் அன்ரனாவை வடமேற்கே திருப்பிக் கட்டியவர்களுக்குப் படம் தெளிவாக விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

நடுத்தர அலையில் கதை இன்னும் பெரிது. தெற்கே புத்தளத்தில் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் 882 கிலோஹேர்ட்ஸ் பரப்பி, 400 கிலோவாட். எதிர்க்கரையில் தூத்துக்குடி அகில இந்திய வானொலி, 1053 கிலோஹேர்ட்ஸ், 200 கிலோவாட். உப்புநீர் நல்ல கடத்தி என்பதால் தரையலை அதன்மேல் அதிகம் தேயாமல் வருகிறது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டுக் கரைகள் ஒரு தலைமுறை முழுக்கக் கேட்டதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். நல்ல அறிவிப்பாளர்கள் இருந்தார்கள் என்பது கூடுதல் காரணம்.

கொடைக்கானல் எஃப்எம், 100.5 மெகாஹேர்ட்ஸ், இந்த இரண்டு கணக்குக்குள்ளும் அடங்காது. அது 2,100 மீற்றர் உயரத்து மலையில் இருக்கிறது. தொடுவானக் கணக்குப்படி அதன் வீச்சு இங்குள்ள கம்பத்தையும் சேர்த்து 200 கிலோமீற்றர் அளவில் முடிய வேண்டும். தலைமன்னாருக்கோ 275 கிலோமீற்றர். மிச்சம் 75 கிலோமீற்றரை அலை எப்படிக் கடக்கிறது? சோளகமும் வாடையும் ஓய்ந்த நாட்களில், கடல்மேல் ஈரமான காற்றுப் படலமும் அதற்கு மேல் காய்ந்த சூடான காற்றும் அடுக்காகக் கிடக்கும். அலை அந்த அடுக்குக்குள் வளைந்து வளைந்து ஓடிவிடுகிறது. இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. விடியற்காலையில் வரும், நண்பகலில் தொலையும்.

இப்படி ஒரு கரையில் ஒரு நாள் ஒரு சேவை இரைகிறது, அறுகிறது என்று முறைப்பாடு வந்தால் என்ன செய்வது? இரண்டு நாடுகள் சம்பந்தப்பட்டால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளில் 10ஆம் பின்னிணைப்பு என்றொரு படிவம் இருக்கிறது. இடையூறு தரும் அலையின் மீடிறன், அகலம், பலம், நேரம் எல்லாம் அதில் கேட்கப்படும். "இரைச்சலாக இருக்கிறது ஐயா" என்று அதில் எழுத முடியாது. எண் வேண்டும். அந்த எண்ணைத் தரும் கருவிதான் ஸ்பெக்ட்ரம் அனலைசர். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை டிஜிட்டல் கணக்கு எப்படி மாற்றியது என்பதே இன்றைய விஷயம்.

கருவியின் வேலை எளிது. திரையில் இடமிருந்து வலமாக மீடிறன், கீழிருந்து மேலாகப் பலம். பழைய கருவி உள்ளுக்குள் ஒரு வானொலிப் பெட்டிதான்: ட்யூனரைத் தானே திருகிக்கொண்டு போய், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போடும். அது ஒரு நேரத்தில் எவ்வளவு அகலத்தைக் கேட்கிறது என்பதை ஒரு வடிகட்டி தீர்மானிக்கும். அதன் அகலத்தைப் பிரிதிறன் அகலம் என்போம். பேசாலை மீனவருக்கு விளக்கத் தேவையில்லை, அது வலைக்கண். கண் பெரிதானால் இரண்டு சின்ன மீனும் தனித்தனியாகத் தெரியாமல் போகும், கண் சிறிதானால் எல்லாம் பிடிபடும், ஆனால் இழுக்க நேரமாகும்.

எவ்வளவு நேரம்? பழைய அனலாக் வடிகட்டிக்கு ஒரு கணக்கு உண்டு: பார்க்கும் மொத்த அகலத்தைப் பிரிதிறன் அகலத்தின் வர்க்கத்தால் வகுத்து, இரண்டரையால் பெருக்க வேண்டும். புத்தளத்தின் 882 ஐ நடுவில் வைத்து இருபுறமும் 50 கிலோஹேர்ட்ஸ் பார்க்கிறோம். நிலையத்தின் ஒலியைச் சுமந்துவரும் அலையான சுமந்தலையை ஒட்டி மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் முணுமுணுப்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு 10 ஹேர்ட்ஸ் பிரிதிறன் தேவை. கணக்குப் போட்டால் 2,500 செக்கன். கிட்டத்தட்ட 42 நிமிடம், ஒரு கோடு போட! அந்தி நேரத்தில் நடுத்தர அலையை 42 நிமிடம் அளந்தால், இடப்பக்கம் பகலும் வலப்பக்கம் இரவுமாக ஒரு படம் கிடைக்கும். அவசரப்பட்டு வேகமாக ஓட்டினாலோ வடிகட்டி நிரம்ப நேரமில்லாமல் சிகரம் தாழும், இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தும் நிற்கும். பலமும் பிழை, மீடிறனும் பிழை.

டிஜிட்டல் வழியில் ட்யூனர் நகர்வதில்லை. அந்த 100 கிலோஹேர்ட்ஸ் முழுவதையும் ஒரே நேரத்தில் மாதிரிகளாக எடுத்து எண்ணாக்கி, அந்த எண்களை மீடிறன் மீடிறனாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றத்துக்குக் கொடுக்கிறோம். 10 ஹேர்ட்ஸ் பிரிதிறனுக்கு அரை செக்கனுக்கும் குறைவான பதிவு போதும். 42 நிமிடம் அரை செக்கனாகிவிட்டது; அந்தி மாறுமுன் படம் கையில்.

இந்தக் கணக்கைச் சாத்தியமாக்கியது 1965இல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட வேக ஃபூரியர் மாற்றம். 1,024 மாதிரிகளை நேரடியாகக் கணக்கிட்டால் பத்து இலட்சத்துக்கு மேல் பெருக்கல். அவர்கள் வழியில் பத்தாயிரம் அளவில் முடியும். அவர்களை அதற்குத் தள்ளிய ரிச்சர்ட் கார்வினின் கவலை வானொலியைப் பற்றியதல்ல. சோவியத் நாட்டின் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான். அதே உத்தியைக் கணிதவியலாளர் காவுஸ் 1805 வாக்கிலேயே சிறுகோள்களின் பாதைக்காகக் கையால் செய்திருந்தார் என்பது பிறகு தெரிய வந்தது. அனலைசருக்குள் இது முழுமையாக நுழைய நாளாயிற்று. 1978இல் வந்த ஹியூலட் பக்கார்ட் 8566ஏ நுண்செயலியோடு வந்த கருவி. ஆனாலும் அதன் வடிகட்டிகள் சுருளும் கொள்ளளவியும் படிகமும்தான். ட்யூனருக்குப் பின்னால் வடிகட்டும் இடைநிலை மீடிறன் பகுதி முழுவதும் எண்களாலேயே நடக்கும் கருவியாக அஜிலென்டின் பிஎஸ்ஏ 2000ஆம் ஆண்டளவில் வந்தது.

வேகத்தைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். என் கணிப்பில் வேகம் இரண்டாம் பட்சம். மற்ற இரண்டு மாற்றங்கள் பெரியவை.

ஒன்று, வடிகட்டியின் சரிவு. நம் பிராந்தியத்தில் நடுத்தர அலை நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன: 873, 882, 891. நடுவில் 400 கிலோவாட் நிற்கும்போது பக்கத்து வீட்டுச் சின்ன நிலையத்தைப் பார்க்க வேண்டும். பழைய 1 கிலோஹேர்ட்ஸ் வடிகட்டி நடுவிலிருந்து ஏழரை கிலோஹேர்ட்ஸ் தள்ளிப் போனபிறகுதான் 60 டெசிபெல் இறங்கும். அதற்கிடையில் இருப்பதெல்லாம் பெரிய நிலையத்தின் பாவாடைக்குள் மறைந்துவிடும். எண்ணால் செய்த அதே அகல வடிகட்டி 2 கிலோஹேர்ட்ஸ் தள்ளியதுமே 60 டெசிபெல் இறங்கிவிடுகிறது. அதோடு, பழைய வடிகட்டியில் 1 கிலோஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் உண்மையான அகலம் 20 சதவீதம் வரை பிசகலாம் என்று விவரத்தாளே சொல்லும். இரைச்சலை அளக்கும்போது அது மட்டுமே 0.8 டெசிபெல் பிழை. எண் வடிகட்டிக்கு வெயிலும் இல்லை, வயதும் இல்லை. மன்னார் வெயிலில் ஜீப்பின் பின்னால் வைத்து அளப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இங்கேதான் படித்த பொறியியலாளரும் வழுக்குகிறார்.

இரைச்சலின் பலம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். சராசரி எடுத்தால்தான் எண் சொல்லலாம். ஆனால் எதன் சராசரி? ஒரு கணம் 1 அலகு, அடுத்த கணம் 100 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பலத்தின் சராசரி 50.5, டெசிபெலில் சொன்னால் 17. இப்போது முதலிலேயே டெசிபெலாக்குங்கள்: 0, 20. சராசரி 10. ஒரே இரண்டு அளவுகள், விடையில் 7 டெசிபெல் வித்தியாசம். நான் வேண்டுமென்று கடும் உதாரணம் எடுத்தேன். இயல்பான இரைச்சலில் இந்த வித்தியாசம் சரியாக 2.51 டெசிபெல். அதாவது டெசிபெலில் சராசரி எடுப்பவருக்கு உண்மையான இரைச்சல் பலத்தில் 56 சதவீதம்தான் தெரியும். ஏற்ற இறக்கமில்லாத சுமந்தலைக்கு இந்தப் பிழை இல்லை. ஆகவே குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை அவர் இரண்டரை டெசிபெல் நல்லதாகக் காட்டிவிடுவார், பொய் சொல்லாமலே.

பழைய கருவியில் டெசிபெலாக்கும் மடக்கைப் பெருக்கி முன்னால், சராசரி எடுக்கும் சுற்று பின்னால். கணக்கின் வரிசை ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது, மாற்ற முடியாது. அனுபவசாலிகள் அட்டவணை பார்த்துத் திருத்தினார்கள், மற்றவர்கள் திருத்தவில்லை. டிஜிட்டல் கருவி மூல மாதிரிகளை வைத்திருக்கிறது. பலத்தைச் சராசரி எடுத்துப் பிறகு டெசிபெலாக்கு என்றால் செய்கிறது. பழைய வழியில் எடு என்றாலும் செய்கிறது. எந்த வழி என்று திரையில் எழுதியும் காட்டுகிறது. நீரிணைக்கு இந்தப்பக்கம் ஒருவர் ஒரு வழியிலும் அந்தப்பக்கம் ஒருவர் மறு வழியிலும் அளந்துவிட்டு, பிறகு கூடியிருந்து சண்டைபிடித்தால் இரண்டரை டெசிபெலுக்காகவே ஒரு நாள் போகும்.

அடுத்தது, நேரம். மீன்பிடிக் கலங்களும் கப்பல்களும் தாம் யார், எங்கே என்று அனுப்பும் ஏஐஎஸ் குறிப்பு 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் இரண்டிலும் போகிறது. ஒரு நிமிடத்தை 2,250 கூறாக்கி, ஒரு கூறில் ஒரு கலம். கூறு ஒன்று 26.67 மில்லிசெக்கன். 130 இலிருந்து 180 மெகாஹேர்ட்ஸ் வரை அரை செக்கனில் ஓடும் பழைய அனலைசர் அந்த 25 கிலோஹேர்ட்ஸ் பட்டையில் நிற்பது கால் மில்லிசெக்கன்தான். கலம் பேசும் நேரமும் கருவி அங்கே நிற்கும் நேரமும் ஒத்துவருவது ஏறத்தாழ 20 தடவையில் ஒரு தடவை. பட்டை காலியாக இருக்கிறது என்று அறிக்கை எழுதிவிடலாம், அருகிலேயே கப்பல் போய்க்கொண்டிருக்கும்! நிகழ்நேர அனலைசர் இடைவெளி விடாமல் மாதிரி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று தழுவும்படி ஃபூரியர் கணக்குப் போடுகிறது. தன் அகலத்துக்குள் நடக்கும் எதையும் தவறவிடாது.

நமது ஊருக்கே உரிய ஓர் இரைச்சலைச் சொல்கிறேன். சோளகம் வீசும் மாதங்களில் மழை இல்லை, உப்புத் தூவல் மட்டும் உண்டு. மின்கம்பத்துப் பீங்கான் காப்பிகளில் அது படலமாகப் படியும். விடியற்காலைப் பனியில் அந்தப் படலம் நனைந்ததும் நுண்ணிய பொறிகள் பறக்கும். மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒரு சுற்றில் மேலே ஒரு உச்சம், கீழே ஒரு உச்சம். ஆகப் பொறி செக்கனுக்கு 100 தடவை, 10 மில்லிசெக்கனுக்கு ஒன்று. பழைய அனலைசரில் இது திரை முழுவதும் சிதறிய முட்களாகத் தெரியும். ஓடும் வேகத்தை மாற்றினால் முட்கள் இடம் மாறும், புதியவர் ஏதோ மர்ம நிலையங்கள் என்று நினைப்பார். டிஜிட்டல் கருவியின் நேர–மீடிறன் படத்தில் அவை சரியாக 10 மில்லிசெக்கன் இடைவெளியில் நேர்கோடுகளாக எழும்பும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்: கடல் கடந்து வந்ததல்ல, நம் தெருக் கம்பம்தான். அந்த ஒரு படம் ஒரு பன்னாட்டு முறைப்பாட்டைத் தடுக்கும்.

இன்னோர் உள்ளூர்க் காரணமும் உண்டு. மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கின. சுழலும் இறக்கையில் பட்டுத் தெறிக்கும் அலை சில நூறு ஹேர்ட்ஸ் வரை மீடிறன் பெயரும். 10 ஹேர்ட்ஸ் பிரிதிறனில் உடனுக்குடன் படமெடுக்கும் கருவியால்தான் அந்தப் பெயர்ச்சியைச் சுமந்தலையின் இருபுறமும் காண முடியும்.

கைத்தொலைபேசிக்கு வருவோம். 2300 மெகாஹேர்ட்ஸ் பட்டையை இந்தியாவில் ஜியோ, ஏர்டெல் பயன்படுத்துகின்றன. இங்கே டயலொக் வீட்டு இணைப்புக்குப் பயன்படுத்துகிறது. இந்தப் பட்டையில் கோபுரமும் கைக்கருவியும் ஒரே மீடிறனில் முறைவைத்துப் பேசும். கோபுரம் பேசி முடித்ததற்கும் கைக்கருவி தொடங்குவதற்கும் நடுவில் ஒரு காவல் இடைவெளி உண்டு. பரவலாகப் பயன்படும் ஓர் அமைப்பில் அது 143 மைக்ரோசெக்கன். அதற்குள் அலை 43 கிலோமீற்றர் ஓடும். இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் 50 கிலோமீற்றர், 167 மைக்ரோசெக்கன். இரண்டு வலையமைப்பும் நேரத்தை ஒன்றாக வைத்திருந்தாலும், எதிர்க்கரைக் கோபுரத்தின் கடைசிப் பேச்சு இங்குள்ளவர் வாய் திறக்கும் நேரத்தில் வந்து விழும் என்று கணக்கே சொல்கிறது. இதைச் சாதாரணமாக அளக்க முடியாது. நமது கோபுரம் பேசும்போது அதன் பலத்தில் மற்றதெல்லாம் மூழ்கிவிடும். டிஜிட்டல் கருவி எடுத்த மாதிரிகளில் கைக்கருவி பேசும் நேரத்துக்குரியவற்றை மட்டும் வெட்டியெடுத்து, அவற்றுக்கு மட்டும் ஃபூரியர் கணக்குப் போடும். நமது கோபுரம் வாயை மூடியிருக்கும் அந்தத் துண்டில் யாருடைய குரல் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கணக்கு எவ்வளவு கெட்டித்தனமானாலும் அலையை எண்ணாக்கும் மாற்றியை எட்டுமுன்னே கெட்டுப்போன அலையை அது திருத்தாது. 882, 1053 இரண்டு பெரிய நிலையங்களும் சேர்ந்து கருவியின் மிக்சரை முட்டினால், உள்ளேயே புது நிலையங்கள் பிறக்கும். 882 ஐ இரட்டித்து 1053 ஐக் கழியுங்கள்: 711. 1053 ஐ இரட்டித்து 882 ஐக் கழியுங்கள்: 1224. இரண்டும் 9 ஆல் வகுபடும், அச்சு அசல் நிலையம் போலவே சரியான இடத்தில் வந்து நிற்கும். பரிசோதனை சுலபம். அன்ரனாவுக்கும் கருவிக்கும் இடையில் 10 டெசிபெல் தணிப்பியைப் போடுங்கள். உண்மையான நிலையம் 10 டெசிபெல் இறங்கும். கருவிக்குள் பிறந்தது 30 இறங்கும்.

கைத்தொலைபேசி திருத்தும் கடைத் தம்பிமார் கையில் இருக்கும் மலிவான யூஎஸ்பி ரிசீவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். தொலைக்காட்சிக்காகச் செய்த ஆர்டிஎல்2832யூ சிப் மூல மாதிரிகளையே வெளியே தரும் என்று 2012 அளவில் தெரியவந்தபிறகு, சில ஆயிரம் ரூபாய்க்கு அனலைசர் என்ற நிலை வந்துவிட்டது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அது 8 பிட். பிட் ஒன்றுக்கு 6 டெசிபெல் என்றால் 48. 14 பிட் கருவிக்கு 84. ஃபூரியர் கணக்கு இரைச்சலை மெல்லிய துண்டுகளாக்கித் தாழ்த்திக் காட்டும் என்றாலும், பக்கத்துப் பரப்பியால் நிரம்பி வழிந்த மாற்றியை அதுவும் காப்பாற்றாது. சாளரத்தையும், அதாவது மாதிரித் தொகுதியின் ஓரங்களைத் தணிக்கும் எடைகளையும், கவனியுங்கள். மாதிரித் தொகுதியை அப்படியே கணக்குக்குக் கொடுத்தால், இரண்டு புள்ளிக்கு நடுவில் விழும் நிலையத்தின் பலம் 3.9 டெசிபெல் வரை குறைந்து தெரியும். ஹான் சாளரம் போட்டால் 1.4, தட்டை முகட்டுச் சாளரத்தில் பிழை இல்லை என்றே சொல்லலாம், ஆனால் பிரிதிறன் குறையும். பலம் அளக்க ஒன்று, பிரித்துப் பார்க்க ஒன்று.

இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், 1996இல் அதன் திருத்தத்தால் உருவான ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அலைமாலையை (ஸ்பெக்ட்ரத்தை)க் கண்காணிக்கும் பொறுப்பில் இருக்கிறது. இடையூற்றுக்குத் தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை. ஆனால் காற்றடுக்கு விடியற்காலை நாலு மணிக்கு உருவாகி ஏழு மணிக்குக் கலைந்தால், கொழும்பிலிருந்து வாகனம் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இங்கே இருப்பவர்கள் பதிவு வைத்திருந்தால்தான் உண்டு.

ஆகவே ஆசிரியர்மாரிடமும் மாணவரிடமும் ஒரு கோரிக்கை. பங்குனி, சித்திரையில் கடல் அடங்கும்போது தலைமன்னாரில் ஒரு கருவியும், சிலாவத்துறைப் பக்கம் ஒரு கருவியும் வைத்து 100.5 மெகாஹேர்ட்ஸை நாள் முழுவதும் பதியுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பிரிதிறன் அகலம், சராசரி எடுத்த வழி, சாளரம், அன்ரனாவின் திசையும் உயரமும், தணிப்பி எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று எழுதுங்கள். இவை இல்லாத படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். இருந்தால், மூல மாதிரிக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.